எஸ்எஸ்டி மாற்றும்போது விண்டோஸ் லைசென்ஸ்: க்ளோன் செய்வதா, புதிதாக நிறுவுவதா, புது கீ வாங்குவதா?

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் கவலை, "விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமோ" என்பதுதான். இந்தக் கவலையாலேயே பலர், வருஷக்கணக்கில் குப்பை சேர்ந்து திணறிக்கொண்டிருக்கும் விண்டோஸை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் பதற்றத்தில் புது ப்ராடக்ட் கீயே வாங்கிவிடுகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸுக்காக க்ளோன் செய்யவேண்டிய அவசியம் அநேகமாக யாருக்கும் இல்லை. க்ளோன் செய்ய வேறு நல்ல காரணங்கள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

லைசென்ஸ் எங்கே இருக்கிறது?

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஆக்டிவேஷனுக்காக, அதாவது லைசென்ஸ் சரியானதா என்று சரிபார்ப்பதற்காக, கணினியின் பத்து அம்சங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கே இரண்டு இடம்: சாதனம் என்ற முறையில் ஒன்று, ஃபார்மட் செய்யும்போது அதற்குக் கிடைக்கும் வால்யூம் எண்ணாக இன்னொன்று. டிஸ்க்கோடு சேர்த்து இன்னும் சில பாகங்களை மாற்றிவிட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். அந்தக் காலத்தில் கேட்ட எச்சரிக்கைகளைத்தான் இன்றும் பலர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களின் ப்ராடக்ட் கீயை மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே, அதாவது நாம் பயாஸ் என்று சொல்லும் இடத்திலேயே, பதித்து அனுப்ப ஆரம்பித்தார்கள். லேப்டாப்பின் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் காணாமல் போனது இதனால்தான். அடுத்து, 2015இல் வந்த விண்டோஸ் 10 டிஜிட்டல் லைசென்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. உங்கள் கணினியின் பாகங்களை வைத்து ஓர் அடையாளம் உருவாக்கி, "இந்தக் கணினிக்கு இந்த எடிஷன் உரிமை உண்டு" என்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த அடையாளத்தில் மதர்போர்டுக்குத்தான் முக்கிய இடம். டிஸ்க்கை மட்டும் மாற்றினால் அதே கணினி என்றே சர்வர் எடுத்துக்கொள்ளும்.

ஆக, கீ மதர்போர்டில் இருக்கிறது, இல்லாவிட்டால் பதிவு சர்வரில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் கழற்றிப் போடும் ஹார்ட் டிஸ்க்கோடு எந்த உரிமையும் வெளியே போவதில்லை.

"பெரும்பாலானவர்கள்" என்றுதான் சொல்கிறேன். விதிவிலக்குகள் உண்டு. உங்கள் கணினி எந்த வகை என்பதைப் பழைய டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். எடிஷனின் பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ. லேப்டாப்களில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் அடிக்கடி வரும். அதற்கும் வெறும் ஹோமுக்கும் பார்க்க வித்தியாசமே தெரியாது, ஆனால் லைசென்ஸ் கணக்கில் இரண்டும் வேறு வேறு. டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருப்பதாக அந்தப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டிருப்பதாகவும் இருந்தால் இன்னும் நல்லது. இணைக்காவிட்டாலும் டிஸ்க் மாற்றத்துக்கு மட்டும் அது பிரச்சினை தராது. ஆனால் பிற்காலத்தில் மதர்போர்டே போய்விட்டால், தனியாக வாங்கிய லைசென்ஸ் உள்ளவர்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த இணைப்புதான். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள பயனராக இருந்து, அதே பக்கத்தில் கணக்கைச் சேர்த்துவிடலாம். 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்ஐ என்று கொடுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது சேனல், அதாவது லைசென்ஸ் எந்த வழியில் வந்தது என்பது. ஓஇஎம் டிஎம் என்று இருந்தால் கீ மதர்போர்டில் இருக்கிறது என்று அர்த்தம். ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கிய கீயாக இருக்கலாம், டிஜிட்டல் லைசென்ஸாகவும் இருக்கலாம். வால்யூம் என்று வந்தால் நின்று யோசிக்க வேண்டும். அதைக் கீழே பார்ப்போம்.

இரண்டாவது, கீயின் கடைசி ஐந்து எழுத்துகள். 3வி66டி என்று இருந்தால் அது ப்ரோ எடிஷனின் பொதுக் கீ. 8ஹெச்விஎக்ஸ்7 என்று இருந்தால் ஹோமின் பொதுக் கீ. டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள பல கணினிகளில் இப்படிப்பட்ட பொதுக் கீதான் உட்கார்ந்திருக்கும். கீயைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களை ஓட்டி, இந்தப் பொதுக் கீயைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். எழுதி வைப்பதால் பாதகமில்லை, ஆனால் அதை அடிப்பதால் மட்டும் எந்தக் கணினியும் ஆக்டிவேட் ஆகாது. எந்த எடிஷன் என்று விண்டோஸுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை.

தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் கீ இருந்தால், வாங்கியபோது வந்த மின்னஞ்சலையோ அட்டையையோ தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளோன் செய்வது

டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, அதிலுள்ள மென்பொருள்கள் ஏராளமாக இருந்து, அவற்றை மறுபடி அமைக்க ஒரு வாரம் ஆகும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு க்ளோன்தான் சரி. இங்கே லைசென்ஸ் விஷயம் உண்மையிலேயே வருகிறது, ஆனால் அது விண்டோஸ் லைசென்ஸ் அல்ல. வடிவமைப்பு, கணக்கு, இசை தொடர்பான மென்பொருள்கள் பலவற்றில் ஒரு லைசென்ஸை இத்தனை கணினியில்தான் ஆக்டிவேட் செய்யலாம் என்று வரம்பு இருக்கும். டிஸ்க்கை மாற்றிவிட்டுப் புதிதாக நிறுவினால், அது இரண்டாவது கணினி என்று எண்ணிக்கொள்ளும் மென்பொருள்களும் உண்டு. அவற்றைப் பழைய டிஸ்க்கில் இருக்கும்போதே டீஆக்டிவேட் செய்துவிட வேண்டும். க்ளோன் செய்தால் இவற்றில் பல சத்தமில்லாமல் தொடரும். எல்லாம் தொடரும் என்று சொல்லமுடியாது, ஏனென்றால் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பார்க்கும் மென்பொருளுக்கு க்ளோனும் புது டிஸ்க்தான். அதனால் க்ளோன் செய்தாலும் செய்யாவிட்டாலும், காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு மென்பொருளையும் முன்கூட்டியே டீஆக்டிவேட் செய்துவிடுவதுதான் நல்லது.

க்ளோனில் விண்டோஸ் ஆக்டிவேஷன் அப்படியே இருக்கும், கேள்வியே கேட்காது. தொல்லைகள் வேறு இடத்தில் வரும்.

ஒன்று, டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. க்ளோன் செய்துவிட்டு முதல் முறை பூட் செய்யும்போது நீலத் திரையில் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைவிட நல்லது, என்க்ரிப்ஷனை முழுவதுமாக நீக்கிவிட்டு க்ளோன் செய்து, பிறகு புது டிஸ்க்கில் மறுபடி போட்டுக்கொள்வது.

இன்னொன்று, இடம். 256 ஜிபி டிஸ்க்கிலிருந்து 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாறியும் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பார்த்தால் கடைசியில் கறுப்புப் பட்டையாக மிச்ச இடம் முழுக்கக் கிடக்கும், ஆனால் சி டிரைவைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். காரணம், சி டிரைவுக்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தித் தரும் பார்ட்டிஷன் மென்பொருள் தேவைப்படும். க்ளோன் செய்யும்போதே பார்ட்டிஷன் அளவை மாற்றிக்கொடுக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலை மிச்சம். எஸ்எஸ்டி தயாரிக்கும் நிறுவனங்கள் பல இலவசமாகவே க்ளோன் மென்பொருள் கொடுக்கின்றன. க்ளோன்ஜில்லா நம்பகமான இலவச மென்பொருள், ஆனால் புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் அது எளிதில் ஒத்துவராது.

க்ளோன் முடிந்ததும் முதல் முறை பூட் செய்யும்போது புது டிஸ்க் மட்டும் இணைந்திருக்கட்டும். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கும், இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், சமயத்தில் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகி உங்களைக் குழப்பும்.

டிஸ்க்கில் பேட் செக்டர், அதாவது படிக்க முடியாத பழுதான பகுதிகள், விழ ஆரம்பித்திருந்தால் க்ளோன் வேண்டாம் என்பேன். பழுதான கோப்புகளும் பழுதாகவே வந்து சேரும். முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் நகலெடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுங்கள்.

புதிதாக நிறுவுவது

மூன்று நான்கு வருஷம் ஓடிய கணினிக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா க்ரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் நிறுவல் கோப்புகளை ஏற்றிக்கொண்டால் போதும். நிறுவும்போது ப்ராடக்ட் கீ கேட்டால், "என்னிடம் கீ இல்லை" என்ற வரியை அழுத்திவிட்டு, எழுதி வைத்த அதே எடிஷனைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் இணைந்ததும் கணினி தானாகவே சர்வரிடம் கேட்டு ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டில் கீ இருந்தால் கீயையும் கேட்காது, எடிஷனையும் கேட்காது, தானே எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தானே எடுத்துக்கொள்ளும் வசதியே சிலருக்கு வினையாகும். லேப்டாப் ஹோமோடு வந்தது, நீங்கள் பிறகு காசு கொடுத்து ப்ரோவுக்கு மாறினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதர்போர்டில் இன்னும் ஹோம் கீதான் இருக்கிறது. நிறுவல் அதைப் படித்து, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹோமை நிறுவிவிடும். ப்ரோ போய்விட்டதே என்று பதற வேண்டாம், அந்த உரிமை சர்வரில் பத்திரமாக இருக்கிறது. ஆக்டிவேஷன் பக்கத்தில் கீயை மாற்றும் இடத்தில் மேலே சொன்ன ப்ரோவின் பொதுக் கீயைக் கொடுத்தால் எடிஷன் ப்ரோவாக மாறும். பிறகு இணையத்தில் இணைந்ததும் சர்வரில் உள்ள பதிவைப் பார்த்து ஆக்டிவேட் ஆகிவிடும். பொதுக் கீ உண்மையில் பயன்படும் இடம் இது ஒன்றுதான்.

நிறுவும்போது தடுக்கி விழும் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்களில், விண்டோஸ் நிறுவல் திரையில் எஸ்எஸ்டியே தெரியாது. பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விஎம்டி எனப்படும் இன்டெல் சேமிப்பகக் கட்டுப்பாட்டுக்கு டிரைவர் தேவை, அவ்வளவுதான். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை இறக்கி, பென் டிரைவில் போட்டு, அந்தத் திரையிலேயே லோட் டிரைவர் மூலம் ஏற்றிவிடலாம். அடுத்தது வைஃபை. விண்டோஸ் 11 நிறுவல் இணையம் இல்லாமல் நகர மறுக்கும், ஆனால் வைஃபை டிரைவரோ இன்னும் நிறுவப்பட்டிருக்காது. மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் பெரும்பாலும் வேலை முடியும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி தகுதியுள்ளது என்றால் இந்தச் சமயத்தில் நேராக விண்டோஸ் 11ஐயே நிறுவிவிடலாம். விண்டோஸ் 10இன் டிஜிட்டல் லைசென்ஸ் அதே எடிஷன் 11க்கும் செல்லும். ஆனால் விண்டோஸ் 7, 8 காலத்துக் கீயை வைத்துப் புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. முன்பே 10க்கு மாறி டிஜிட்டல் லைசென்ஸ் பெற்ற கணினிகளுக்கு இதனால் பாதிப்பில்லை. இன்னும் 7இலேயே ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு மட்டும் பழைய ஸ்டிக்கர் கீ இனி உதவாது.

டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்களின் லேப்டாப் என்றால் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. கணினியின் சீரியல் எண்ணைக் கொடுத்தால், அது விற்பனைக்கு வந்தபோது இருந்த விண்டோஸை டிரைவர்களோடு சேர்த்து பென் டிரைவில் ஏற்றித் தரும் கருவிகளை இந்த நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. எடிஷன் குழப்பமும் டிரைவர் தேடலும் இல்லாமல் முடியும். கூடவே நிறுவனம் திணிக்கும் சோதனைப் பதிப்பு மென்பொருள்களும் வந்து சேரும். கணினியில் அதிகப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதுவே நிம்மதி.

ஆக்டிவேட் ஆகாவிட்டால்

முதலில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். அது தப்பாக இருந்தால் சர்வரோடு பேச்சு நடக்காது. சர்வரே நெரிசலில் இருக்கலாம் என்பதால் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதிலும் தப்பில்லை. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் உடனே நின்றுவிடாது. திரை ஓரத்தில் வாட்டர்மார்க் வரும், வால்பேப்பர் போன்றவற்றை செட்டிங்ஸில் மாற்ற விடாது, மற்றபடி வேலை நடக்கும். அவசரப்பட்டுக் கண்ட இடத்தில் கீ வாங்கவேண்டியதில்லை.

பிழை எண் 7001 என்று முடிந்தால், இந்தக் கணினிக்கு இந்த எடிஷனில் உரிமை பதிவாகவில்லை என்று பொருள். பெரும்பாலும் எடிஷன் மாறிப்போயிருக்கும். 211 என்று முடிந்தால், கணினியின் பாகங்கள் மாறிவிட்டதாக சர்வர் நினைக்கிறது. ஆக்டிவேஷன் பக்கத்தில் அப்போது ட்ரபுள்ஷூட் என்ற பொத்தான் தெரியும். அதை அழுத்தி, சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் இணைந்துள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, பட்டியலில் உங்கள் கணினியைக் காட்டினால் போதும். எஸ்எஸ்டியை மட்டும் மாற்றியவர்களுக்கு இது தேவைப்படுவது அரிது. மதர்போர்டையும் சேர்த்து மாற்றியவர்கள்தான் இங்கே வந்து நிற்பார்கள். அவர்களுக்கு ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் மாற்றிக்கொள்ளலாம், கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அது பழைய மதர்போர்டோடு சரி.

வால்யூம் என்று வந்தவர்களுக்கு

வால்யூம் என்பது நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்படும் லைசென்ஸ். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் நீங்களாக டிஸ்க்கைத் தொடாதீர்கள், அங்குள்ள ஐடி ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். கேஎம்எஸ் என்ற வால்யூம் முறையில் ஆக்டிவேட் ஆன கணினி 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் புதிதாக நிறுவினால் அது ஆக்டிவேட் ஆக வழியே இல்லை.

சொந்தக் கணினியில் வால்யூம் கேஎம்எஸ் என்று வந்தால், விற்றவரோ சர்வீஸ் செய்தவரோ முறையற்ற ஆக்டிவேட்டர் ஒன்றை உள்ளே விட்டுவிட்டார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். க்ளோன் செய்தால் அந்த ஆக்டிவேட்டரும் கூடவே வரும், அதோடு ஒட்டிக்கொண்டுள்ள வைரஸும் வரலாம். தயவுசெய்து இப்படிப்பட்ட டிஸ்க்கை க்ளோன் செய்யாதீர்கள். புதிதாக நிறுவிப் பாருங்கள். ஹோமோடு வந்த லேப்டாப்பில் யாரோ திருட்டு ப்ரோவை ஏற்றியிருப்பது சகஜம். மதர்போர்டில் இருக்கும் நேர்மையான ஹோம் கீ இத்தனை நாளும் பயன்படாமல் காத்துக்கொண்டிருக்கலாம். நிறுவல், எடிஷனே கேட்காமல் நேராக ஹோமுக்குப் போனால் உங்களுக்கு முறையான லைசென்ஸ் இருக்கிறது, காசே செலவில்லை.

மதர்போர்டிலும் கீ இல்லை, சர்வரிலும் பதிவில்லை என்றால் மட்டும்தான் புது லைசென்ஸ் வாங்குவது என்ற பேச்சே எழும். வாங்கும்போது ரீடெய்ல் லைசென்ஸாக வாங்குங்கள், அடுத்த கணினிக்கும் எடுத்துப்போகலாம். அசல் விலையில் ஒரு சின்னப் பங்குக்கு விற்கப்படும் கீகளில் நிறைய, ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட வால்யூம் கீயைப் பலருக்குப் பிரித்து விற்பவை. இன்று வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும் நாளில் மறுபடி வாட்டர்மார்க்தான்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

புதிதாக நிறுவி முடித்ததும் பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாமல் சில வாரம் அப்படியே வைத்திருங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, மின்னஞ்சல் கோப்பு, டெஸ்க்டாப்பில் கிடந்த ஏதோ ஒரு ஃபோல்டர் என்று எதையாவது தேட வேண்டியிருக்கும். ஆபீஸ் எந்தக் கணக்கில் பதிவாகியிருந்தது என்பதும் அநேகமாக அப்போதுதான் நினைவுக்கு வரும். யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு இணைத்தால் எல்லாம் கிடைக்கும், பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்கக் கீயும் கையில் இருக்க வேண்டும். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று உறுதியானதும் முழுவதுமாக அழித்துவிட்டு, பேக்கப் டிஸ்க்காகவே வைத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்க்கை அழித்தாலும், விற்றாலும், உடைத்தே போட்டாலும் புது எஸ்எஸ்டியில் ஓடும் விண்டோஸின் ஆக்டிவேஷனுக்கு ஒன்றும் ஆகாது.